உங்க பெட்ஷீட்டை யார் துவைக்கிறாங்க?

படிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. பெரும்பாலும் நீங்க படுத்துக்கிட்டேதான் இதைப் படிச்சிட்டு இருப்பீங்க. அப்படியே திரும்பி உங்க தலகாணி உறையை ஒரு தடவை மோந்து பாருங்க. சும்மா இல்ல, நல்லா இழுத்து.

பார்த்தாச்சா? சரி, இப்போ பேசலாம்.

எங்க வீடு சென்னிமலை பக்கம். ஊர்ப் பேரைச் சொன்னா நிறைய பேர் கேட்கிற முதல் கேள்வி, "பெட்ஷீட் ஊருதானே?" அதேதான். அப்பா தறி ஓட்டுறார், அம்மா தார் சுத்துறாங்க. நெசவு தெரியாதவங்களுக்கு: நாடாவுக்குள்ள போற சின்னக் குழல்ல நூல் சுத்தி வைக்கிறதுதான் தார் சுத்துறது. காலையில உட்கார்ந்தா சாயந்திரம் வரைக்கும் கை சுத்திக்கிட்டே இருக்கணும். அந்த வீட்டுப் பையன் நான். போன வருஷம் பொங்கல் லீவு முடிஞ்சு ஹாஸ்டலுக்கு எடுத்துட்டு வந்த விரிப்பை ஏப்ரல் ஸ்டடி லீவு வரைக்கும் ஒரு தடவைகூட துவைக்கல. மூணு மாசம். பெருமையா சொல்லல, நடந்ததைச் சொல்றேன்.

அந்த மூணு மாசத்துல அந்த விரிப்பு மேல என்னென்ன நடந்துச்சு? ராத்திரி பரோட்டா சாப்பிட்டோம். ரெக்கார்டு எழுதினோம். ஐபிஎல் ஆரம்பிச்சதும் ஒரே கட்டில்ல நாலு பேர் ஒட்டிப் படுத்து ஒரே லேப்டாப்ல மேட்ச் பார்த்தோம். பாதி பேர் அங்கேயே தூங்கினோம். மார்ச் கடைசியில விரல் இடுக்குல அரிக்க ஆரம்பிச்சுது. போர் தண்ணி சேரலன்னு நினைச்சுக்கிட்டேன். ராத்திரி ஆனா அரிப்பு ஜாஸ்தி. வெயில்னு நினைச்சுக்கிட்டேன். விரிப்பைச் சுருட்டி பேக்ல திணிச்சு ஊருக்குப் போனேன், பத்து நாள் தம்பிகூட ஒரே கட்டில்ல படுத்தேன், எக்ஸாமுக்குத் திரும்பி வந்துட்டேன்.

மே கடைசியில போறப்ப வீட்டுல தம்பி சொறிஞ்சிக்கிட்டு இருந்தான். அம்மா சொறிஞ்சிக்கிட்டு இருந்தாங்க. எழுபத்தி ரெண்டு வயசு அம்முச்சி இடுப்புப் பக்கம் தோல் உரியற அளவுக்குச் சொறிஞ்சு வெச்சிருந்தாங்க. வேர்க்குருன்னு சொல்லி ஒரு மாசமா வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசிக்கிட்டு இருந்திருக்காங்க. ஈரோட்டுல தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அவர் தம்பியோட விரல் இடுக்கை லைட் அடிச்சுப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வீட்டுல யாராச்சும் ஹாஸ்டல்ல இருந்து வந்தாங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க.

ஸ்கேபீஸ், அதாவது சிரங்கு. கண்ணுக்குச் சரியா தெரியாத ஒரு சிலந்திப்பேன் தோலுக்குள்ள வளை தோண்டி முட்டை போடுது. முதல் தடவை தொத்திக்கிட்டவங்களுக்கு அரிப்பு தெரியவே நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். அதுக்குள்ள நாம பத்து பேருக்குக் கொடுத்திருப்போம். ஒண்ணு சொல்லியாகணும், இதுக்கு முழுப் பழியையும் பெட்ஷீட் மேல போட முடியாது. இது பெரும்பாலும் ரொம்ப நேரம் தோலோட தோல் ஒட்டி இருக்கிறதால பரவுறது. துணி வழியா பரவுறது அதைவிடக் குறைவு. மனுஷ உடம்பை விட்டு வெளிய வந்தா அந்தப் பேன் ரெண்டு மூணு நாளுக்கு மேல தாங்காது. ஆனா தினமும் அதே விரிப்புல திரும்பத் திரும்பப் படுத்தா, அந்த ரெண்டு மூணு நாள் கணக்கு முடியவே முடியாதே.

வைத்தியம் என்ன தெரியுமா? பெர்மெத்ரின் க்ரீம். அரிக்குதோ இல்லையோ, வீட்டுல இருக்கிற எல்லாரும் ஒரே ராத்திரியில கழுத்துல இருந்து பாதம் வரைக்கும் பூசி, காலையில குளிக்கணும். ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. ஒருத்தர் விட்டாலும் மறுபடி முதல்ல இருந்து. கூடவே அந்த ரெண்டு மூணு நாள்ல உடம்புல பட்ட துணி, விரிப்பு, போர்வை எல்லாத்தையும் சுடுதண்ணில துவைச்சாகணும். துவைக்க முடியாததை பிளாஸ்டிக் பையில கட்டி ஒரு வாரம் தனியா வைக்கணும்.

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பிக்குது.

மறுநாள் காலையில கொல்லையில அடுப்பு கூட்டி, பெரிய அண்டாவுல தண்ணி கொதிக்குது. அஞ்சு பேரோட விரிப்பு, போர்வை, உறை, துண்டு எல்லாம் மலை மாதிரி கிடக்கு. நான் திண்ணையில போனோட உட்கார்ந்திருந்தேன். குற்ற உணர்ச்சி இருந்துச்சு, எந்திரிக்கணும்னு தோணல. ரெண்டும் ஒரே நேரத்துல இருக்க முடியும்னு அன்னிக்குத் தெரிஞ்சுகிட்டேன். அம்மா ஒரு டபுள் காட் விரிப்பை அலசிட்டு, அதோட ஒரு முனையைக் கொய்யா மரக் கிளையில சுத்தி மாட்டி, இன்னொரு முனையைப் பிடிச்சு முறுக்கினாங்க. அந்த இடத்துல கிளை வழவழன்னு தேஞ்சிருந்துச்சு.

பிழியறது ரெண்டு பேர் வேலை. இத்தனை வருஷமா அந்த இன்னொரு முனையைக் கொய்யா மரம்தான் பிடிச்சிருக்கு.

அப்புறம் எந்திரிச்சேன். பிழிஞ்சேன். அஞ்சாவது விரிப்புல மணிக்கட்டு வலிச்சுது. இன்ஜினியர் ஆச்சே, நூல் எடை போடுற தராசுல நிறுத்தும் பார்த்தேன். உலர்ந்த டபுள் விரிப்பு 850 கிராம். தண்ணியில இருந்து தூக்கினா 3 கிலோவுக்குக் கிட்ட. எங்க ஊர் கனத்த போர்வைன்னா நனைஞ்சதும் அதைவிட மேல. வாரம் முழுக்க தார் சுத்துற கை அதை அலசி, தூக்கி, முறுக்கி, உதறி, கொடியில போடுது.

சரி, எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைக்கணும்? இதுக்கு இணையத்துல ரெடிமேட் பதில் இருக்கு: வாரம் ஒருமுறை. நல்ல பதில்தான். ஆனா அதை எழுதுறவங்க பெரும்பாலும் நம்ம மாதிரி ராத்திரி பதினோரு மணிக்கு கரண்ட் போய் பனியனோட ஒட்டிக்கிட்டு தூங்குறவங்க இல்ல. ஆட்டோமேட்டிக் மிஷினும் ட்ரையரும் இருக்கிற வீட்டுல உட்கார்ந்து எழுதுறாங்க. நம்ம ஆளுங்களோட கணக்கு வேற.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ராத்திரிக்கு 7 மணி நேரம் தூக்கம்னு வெச்சுக்குங்க. மாசத்துக்கு 210 மணி நேரம். காலேஜுக்குப் போட்டுட்டுப் போற சட்டை உங்க உடம்புல ஒரு நாளைக்கு 10 மணி நேரம் இருக்கும். அப்போ மாசக் கணக்கா துவைக்காத விரிப்புங்கிறது, 21 நாள் தொடர்ந்து போட்ட ஒரே சட்டை. ரெண்டாவது நாளே அந்தச் சட்டையைக் கட்டில் மூலையில வீசுற நாம, அதே கட்டில்ல தூங்குறோம். (ஜீன்ஸைப் பத்தி யாரும் பேசக் கூடாது. அது வேற டிபார்ட்மென்ட்.)

விரிப்புல சேர்றது வியர்வை மட்டும் இல்ல. உதிர்ற தோல், தலை எண்ணெய், அதைத் தின்கிற தூசுப்பூச்சி. இது சிரங்குப் பேன் இல்ல, வேற. இது நம்மைக் கடிக்காது. அளவு மில்லிமீட்டர்ல கால் பங்கு. தண்ணி குடிக்கிற வேலையே இல்லாம காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சி வாழுது. அதனாலதான் சென்னை, கடலூர் மாதிரி ஈரக்காத்து ஊர்கள் அதுக்கு சொர்க்கம். அதோட கழிவுதான் நிறைய பேருக்குக் காலையில எந்திரிச்சதும் வர்ற தும்மலுக்கும், ஆஸ்துமா மோசமாகிறதுக்கும் ஒரு காரணம். சாதா தண்ணில துவைச்சா அந்தக் கழிவு பெரும்பாலும் கரைஞ்சு போயிடும், ஆனா பூச்சி நிறைய பிழைச்சுக்கும். அதைக் கொல்ல 55, 60 டிகிரி சூடு வேணும். அலர்ஜி உள்ளவங்களுக்கு டாக்டருங்க வாரம் ஒருமுறை சுடுதண்ணில துவைக்கச் சொல்றது இதனாலதான்.

இதைப் படிச்சப்ப எனக்கு வெள்ளாவி ஞாபகம் வந்துச்சு. உவர்மண் கரைச்ச தண்ணில துணியை முக்கி, பானை மேல அடுக்கி, ராத்திரி முழுக்க ஆவியில வேக வைக்கிறது. தெர்மாமீட்டர் இல்லாமலே 60 டிகிரியைத் தாண்டின வேலை அது. நம்ம ஊர்கள்ல அந்த வேலையை ஒரே சாதி மேல சுமத்தி, அறுவடைக்கு அறுவடை கொஞ்சம் தானியமும் ராத்திரிக்கு வீடு வீடா வாங்குற சோறும் கூலின்னு வெச்சிருந்தாங்க. பிரசவத் துணி, நோயாளி துணி, சாவு வீட்டுத் துணி எல்லாம் அவங்க கைக்குத்தான் போச்சு. ஊரோட ஆரோக்கியத்தையே காப்பாத்தினவங்களைத் திண்ணையில ஏத்தல. இப்போ அந்த முறை பெரும்பாலும் போயிடுச்சு, போனது நல்லது. ஆனா அந்த வேலை யார் கைக்கு வந்துச்சு? நாம யாரும் எடுத்துக்கல. சத்தமில்லாம அம்மா கைக்கு வந்துடுச்சு.

இன்னொண்ணும் மாறியிருக்கு. அம்முச்சி காலத்துல பாய்தான். காலையில எந்திரிச்சா பாயைச் சுருட்டியே ஆகணும், இல்லன்னா நடக்க இடம் இருக்காது. சுருட்டுறதுக்கு முன்னாடி உதறுவாங்க. வாரத்துல ஒரு நாள் பாய், பவானி ஜமக்காளம், தலகாணி எல்லாம் வெயில்ல கிடக்கும். படுக்கைங்கிறது தினமும் பிரிச்சு அடுக்குற பொருள். கட்டிலும் மெத்தையும் வந்த பிறகு படுக்கை ஒரு நிரந்தரக் கட்டடம் ஆயிடுச்சு. விரிப்பை எடுக்கணும்னு யாரோ ஒருத்தர் முடிவு பண்ணாத்தான் எடுப்பாங்க. அந்த யாரோ ஒருத்தர் யாருன்னு உங்களுக்கே தெரியும்.

எனவே என் கட்சி இது. தலகாணி உறை வாரம் ஒருமுறை. முகத்துல பரு இருக்கிறவங்க, எண்ணெய் வெச்சுத் தூங்குறவங்க வாரத்துக்கு ரெண்டு. உறை சின்னத் துணி, குளிக்கிறப்ப துவைச்சுக்கலாம், சாக்கு சொல்ல முடியாது. விரிப்பு மார்ச்ல இருந்து ஜூலை வரைக்கும் வாரம் ஒருமுறை. மத்த மாசத்துல பத்து நாள், போனாப் போகட்டும் ரெண்டு வாரம். அதுக்கு மேல யார் என்ன சொன்னாலும் அது சோம்பேறித்தனம்தான். போர்வை மாசம் ஒருமுறை போதும், நடுவுல வெயில்ல போட்டு எடுத்தா. காலையில எந்திரிச்ச உடனே படுக்கையை நேர்த்தியா மூடி வைக்காதீங்க, ஒரு மணி நேரம் காத்தாட விடுங்க. நீட்டா இருக்கணும்னு உடனே மூடினா ஈரம் உள்ளேயே நிக்கும். (அம்மாகிட்ட இதைச் சொல்லி கட்டிலை மடிக்காம விட்டா திட்டு விழும். அனுபவம்.)

வீட்டுல படுக்கையா கிடக்கிற பெரியவங்க இருந்தா இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அப்பாரு கடைசி நாலு மாசம் படுத்த படுக்கையா இருந்தப்ப ஒரு நாளைக்கு ரெண்டு, மூணு தடவை விரிப்பு மாத்தினாங்க. ஈரமும் சுருக்கமும் இருந்தா படுக்கைப்புண் வந்துடும். அப்போ நான் பத்தாவது. எக்ஸாம்னு சொல்லி எல்லாரும் என்னை எந்த வேலைக்கும் கூப்பிடல. நானும் கேட்கல.

தண்ணி இல்லையேன்னு ஒரு எதிர்வாதம் வரும். நியாயமான வாதம். 2019 கோடையில சென்னைக்குத் தண்ணி கொடுக்கிற ஏரிகள் வறண்டு, லாரிக்குக் குடத்தோட வரிசையில நின்னவங்ககிட்ட வாரம் ஒரு விரிப்புன்னு சொன்னா அடிப்பாங்க. அந்த நிலைமையில வெயில்தான் வழி. மொட்டை மாடியில நல்ல உச்சி வெயில்ல ரெண்டு பக்கமும் திருப்பிப் போட்டு, நல்லா உதறி எடுத்தாலே ஈரமும் நாத்தமும் போகும், ஈரம் இல்லாத இடத்துல தூசுப்பூச்சிக்கும் கஷ்டம். துவைச்சதுக்குச் சமம்னு சொல்லல, அழுக்கு அங்கேயேதான் இருக்கும். நாள் தள்ளிப் போடலாம். ஆனா ஒண்ணு: நம்ம ஹாஸ்டல்ல பைக் கழுவத் தண்ணி இருக்கு, ஹோலிக்குத் தண்ணி இருக்கு, விரிப்புக்கு மட்டும்தான் தண்ணிப் பஞ்சம் வருது.

உப்புத் தண்ணியில சோப்பு நுரைக்கலங்கிறதும் உண்மைதான். முதல் செமஸ்டர் கெமிஸ்ட்ரி லேப்ல ஈடிடிஏ டைட்ரேஷன் பண்ணி ஹார்ட்னெஸ் கண்டுபிடிச்சோமே, அதுக்கு வாழ்க்கையில கிடைச்ச ஒரே பயன் இது: கால்சியம், மக்னீசியம் நிறைய இருக்கிற தண்ணில சோப்புக் கட்டி திரிஞ்சு துணியிலயே படியும். சலவைத் தூள் அந்தளவுக்குத் திரியாது. ஹாஸ்டல்ல கட்டியை விட்டுட்டு தூளைப் போடுங்க, அரை மணி நேரம் ஊற வைங்க, ஒரு அலசு கூட அலசுங்க.

இன்னொரு விஷயம் நான் பாதிதான் சொல்ல முடியும். இதை எழுதப் போறேன்னு சொன்னப்ப எங்க கிளாஸ் தோழி ஒருத்தி சொன்னா: "உங்களுக்கு துவைக்கலன்னு பிரச்சனை. எங்களுக்கு துவைச்சதை எங்க காயப் போடுறதுன்னு பிரச்சனை." பீரியட்ஸ்ல விரிப்புல கறை பட்டா விடிய முன்னாடி எந்திரிச்சு, யாரும் பார்க்கிறதுக்குள்ள துவைச்சு, மொட்டை மாடி பூட்டியிருக்கிறதால ரூமுக்குள்ள கயிறு கட்டி, மேல துப்பட்டா போட்டு மூடிக் காயப் போடுறாங்களாம். வெயிலே படாம ரெண்டு நாள் ஈரத்தோட. ரத்தக் கறைக்கு சுடுதண்ணி ஆகாது, பச்சைத் தண்ணிதான்னு எனக்கு இருபது வயசுல அவ சொல்லித்தான் தெரியும். மாடிச் சாவி வேணும்னு அவங்க ஹாஸ்டல்ல ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்திருக்காங்க. பசங்க ஹாஸ்டல் மாடி நாள் பூரா திறந்துதான் கிடக்கு. அந்த லெட்டர்ல நாமும் கையெழுத்துப் போட்டா என்ன?

கடைசியா மிஷின் வாதம். "மச்சி, இப்பதான் எல்லா வீட்டுலயும் வாஷிங் மிஷின் வந்துடுச்சே." வந்துடுச்சு. மிஷின் விரிப்பை மெத்தையில இருந்து உருவுமா? நாலு மூலையையும் தூக்கி மறுபடி போடுமா? மாடிக்குத் தூக்கிட்டுப் போய் காயப் போட்டு, மழை வந்தா ஓடி எடுத்து, மடிச்சு வைக்குமா? செமி ஆட்டோமேட்டிக்னா நனைஞ்ச 3 கிலோவை ஒரு பக்கத்துல இருந்து தூக்கி இன்னொரு பக்கம் போடணும், அதுவும் ரெண்டு மூணு தடவை. மிஷின் செய்யறது நடுவுல இருக்கிற ஒரு பகுதி. மீதியைச் செய்யற ஆளுக்குப் பேரு மட்டும் "மிஷின்ல போட்டாச்சு"ன்னு ஆயிடுச்சு.

அதனால ஹாஸ்டல் பை நிறைய அழுக்கு மூட்டை கட்டி ஊருக்கு எடுத்துட்டுப் போற நண்பர்களே, உங்களைத்தான் சொல்றேன். ரெண்டு விரிப்பு வெச்சுக்குங்க. ஒண்ணு படுக்கையில, ஒண்ணு கொடியில. ஞாயித்துக்கிழமை காலையில மெஸ்ல பூரிக்குப் போறதுக்கு முன்னாடி ஊற வைங்க, வந்து துவைங்க, ரூம்மேட்டைக் கூப்பிட்டு ரெண்டு பேரா பிழிங்க. மொத்தம் நாப்பது நிமிஷம், நான் நேரம் பார்த்திருக்கேன். எங்க விங்ல இப்போ ஏழு பேர் செய்யறோம். எட்டாவது ஆள் மூணாவது வாரமே நழுவிட்டான். அவன் கட்டில்ல மட்டும் மேட்ச் பார்க்கிறது இல்லன்னு முடிவு பண்ணியிருக்கோம்.

போன லீவுல வீட்டுல நானும் தம்பியும் விரிப்புகளை எடுத்தோம். அம்மா நம்பாம பக்கத்துலயே நின்னாங்க. நான் ஒரு முனை, தம்பி ஒரு முனை. நான் என் வலப்பக்கம் முறுக்கினேன், அவன் அவன் இடப்பக்கம் முறுக்கினான். துணி பிழியவே இல்ல, ரெண்டு பேருக்கும் நடுவுல கயிறு மாதிரி சும்மா சுத்துச்சு. டார்க், மொமென்ட் எல்லாம் படிச்சு பாஸ் பண்ணினவன் நான். ஒரு சொட்டுத் தண்ணி இறங்கல. அம்மா சிரிச்சுக்கிட்டே வந்து தம்பி கையைப் பிடிச்சு, "இப்படிக் கண்ணு, இந்தப் பக்கம்"னு திருப்பி விட்டாங்க. காலெல்லாம் நனைஞ்சுது.